வெயில் காற்றாடி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. நின்றால் நடப்பேன், நடந்தால் எதையாவது இடித்துத் தள்ளுவேன். அதனால்தான் அண்ணன் எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தான். அன்றைக்குக் காலையிலிருந்து பெட்டியை மூடுவதும் திறப்பதுமாக வீட்டை ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தேன். மத்தியானம் ரயில். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை, எத்தனையோ தடவை கைநழுவிப் போய்க் கடைசியில் கிடைத்தது. மறுநாள் காலையில் போய் நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

நான் போவதும் போகாததும் அண்ணனுடைய வலது கண்ணில் இருந்தது. இடது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. வலது கண்ணில் விழித்திரை கிழிந்து ஆபரேஷன் செய்தார்கள். பார்வை மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான். உனக்குக் கண் தெரிந்தால் போகிறேன், இல்லாவிட்டால் வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அவனிடம் கறாராகச் சொல்லியிருந்தேன்.

அண்ணனுக்கு அறிவியல் பொம்மைக் கடையில் வேலை. அங்கே அதிகம் விற்பது வெயில் காற்றாடி. பல்பு மாதிரி ஒரு கண்ணாடிக் குமிழ், உள்ளே ஊசி முனையில் நாலு தகடு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. வெயிலில் வைத்தால் பேட்டரியும் சாவியும் இல்லாமல் தானே சுற்றும். வீட்டு ஜன்னலிலும் ஒன்று வைத்திருந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அவனிடமிருந்து தப்ப முடியாது.

"வெளிச்சம் தள்ளுதுன்னுதானே நினைக்கறீங்க? அதான் இல்ல. கறுப்பு சூட்டை இழுத்துக்கும், வெள்ளி அவ்வளவா இழுக்காது. உள்ள கொஞ்சூண்டு காத்து இருக்கு. அது தகட்டு ஓரமா சூட்டுப் பக்கம் ஓடிப்போய் நெருக்கி, கறுப்பைப் பின்னால தள்ளும். அந்தக் காத்து கூடினாலும் சுத்தாது, காத்தே இல்லாட்டியும் சுத்தாது."

கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்.

கட்டு அவிழ்த்த பிறகு தினமும் காலையில் ஜன்னலோர நாற்காலியில் உட்காருவான். "என்னமோ அசையற மாதிரி இருக்கு" என்றான் முதலில். சில நாள் கழித்து, "சுத்துது பம்பரம், தெரியுது" என்றான். மேகம் மூடிய ஒரு நாளில் "இன்னிக்கு நின்னுடுச்சே" என்றான். நின்றுதான் இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "நல்லாத்தான் தெரியுதே, ஆஸ்பத்திரிக்கு என்னத்துக்கு?" என்று அவன் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டபோதும் சரி என்றேன்.

கிளம்புகிற அன்று, அவன் குளித்துக்கொண்டிருக்கும்போது, பெட்டியைத் தூக்கித் திருப்பினேன். அதன் மூலை காற்றாடியில் போய் இடித்தது. குமிழ் சிதறவில்லை, கழுத்தில் மயிரிழைக்கு ஒரு விரிசல் மட்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. தகடுகள் ஓர் ஆட்டம் ஆடி நின்றன. சுள்ளென்று வெயில் அடித்தும் அசையவில்லை. போகிற நேரத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் தலையைத் துவட்டியபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே ஆரம்பித்தான்.

"யப்பா, இன்னிக்கு என்ன வேகம்! தகடே தெரியல பாரேன்."

பார்த்தேன். நாலு தகடும் அப்படியே நின்றன. கிண்டல் செய்கிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். சிரித்தபடி குமிழுக்கு நேராக முகத்தை வைத்திருந்தான். கன்னத்தில் வெயில். கன்னம் சுட்டால் சுற்றுகிறது, சுடாவிட்டால் நிற்கிறது. இத்தனை நாளும் அவன் எனக்குச் சொன்னதெல்லாம் கன்னத்தால் பார்த்துச் சொன்னது.

எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தச் சனியன் நான் போன பிறகு தெரிந்திருக்கக் கூடாதா?

"ஆமாண்ணா, நல்லா சுத்துது" என்றேன்.

"அப்ப கிளம்பு, வண்டிய விட்டுடாத. கீழ்வீட்டு அக்கா சாப்பாடு தந்துடுவாங்க. எனக்கென்ன, ராஜா மாதிரி இருப்பேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் கால் நின்றுவிட்டது. என்னையே திட்டிக்கொண்டு, பெட்டியை அங்கேயே வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் மேலே ஏறினேன்.

அவன் மேசையைத் தடவிக்கொண்டிருந்தான். பெட்டிக்கு இடம் பண்ணுவதற்காகத் தண்ணீர் டம்ளரை நான் ஓரமாக நகர்த்தியிருந்தேன். அவன் கை அதன் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பியது. நான் இருக்கும்போது ஒரு தடவைகூட அவன் எதையும் தடவித் தேடியதில்லை. டம்ளரை எடுத்து அவன் கையில் வைத்தேன். அவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"காத்தாடி உடைஞ்சுபோச்சுண்ணா. நீ குளிக்கப் போனப்பவே."

டம்ளரைக் குடிக்காமலே மேசையில் வைத்தான்.

"அப்ப சுத்தலயா?"

"சுத்தல. எத்தன நாளா இப்படி?"

"கட்டு அவுத்ததுலேர்ந்தே இருட்டுதான். சொன்னா நீ போக மாட்ட. நாள் பூரா வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடக்கறியே, அந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருப்பேன்? போயிடு பம்பரம்."

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். அழுகை முந்திக்கொண்டது.

"டாக்டர்கிட்டயாவது காட்டியிருக்கலாம்ல?"

"காட்டி, இனிமே வராதுன்னு சொல்லிட்டா?"

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டேன். பெட்டி படியிலேயே கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு இரண்டு பேரும் இறங்கினோம்.

"ஸ்டேஷனுக்குத்தானே?" என்றார் டாக்ஸிக்காரர்.

அண்ணன் "ஆமா" என்றான். நான் "ஆஸ்பத்திரிக்கு" என்றேன். யார் சொல்வதைக் கேட்பது என்று அவர் திரும்பிப் பார்த்தார். என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்திருந்த கையை அண்ணன் எடுக்கவே இல்லை.