வயிற்றில் கட்டிய அரிசி

சுருளிப்பட்டியில் வழக்கு என்று வந்தால் யாராக இருந்தாலும் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ண வேண்டும். சீனிச்சாமிக்கு மட்டும் அது கிடையாது. அவர் "ஆமா" என்றால் ஆமாம்தான். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான். வீட்டில் நிலம் குறைந்துபோனது, மாடு குறைந்துபோனது. அந்த மரியாதை மட்டும் குறையவில்லை.

அரிசியை மலை ஏற்றக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டிருந்த காலம். மலைமேல் குமுளியில் கட்டிக்கொடுத்த மகள் பொன்னாத்தாள், கிழங்கைத் தின்று காலம் தள்ளுவதாகச் சொல்லி அனுப்பினாள். சீனிச்சாமியின் மனைவி இருளம்மாள் பழைய வேட்டியைக் கிழித்து ஒரு பை தைத்தாள். அதில் அரிசியை நிரப்பி மருமகள் ராமுத்தாயின் வயிற்றில் கட்டினாள். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் ராமுத்தாய்க்குப் பிள்ளை இல்லை. அரிசி கட்டிய தன் வயிற்றைத் தடவிப் பார்த்து அவள் சிரித்தாள்.

சீனிச்சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன, மூஞ்சி கோணுது? விக்கவா போறோம்? பெத்த மகளுக்குக் கொண்டு போறது களவா?" என்றாள் இருளம்மாள்.

மலையடிவாரச் சோதனைச் சாவடியில் காவலர் பேருந்துக்குள் ஏறினார். "மாசமா இருக்காகளா, பெரியவரே?"

சீனிச்சாமி தலையை ஆட்டினார். வாய் திறந்து பொய் சொல்லவில்லையே என்று மலை ஏறும்வரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அடுத்த தடவை அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. பை பல தடவை மலை ஏறியது. மற்ற வீட்டுப் பெண்களும் அதையே செய்து பிடிபடத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினார்கள்.

மறு வருஷம் ராமுத்தாய் உண்மையிலேயே உண்டானாள்.

ஏழாம் மாதத்தில் பொன்னாத்தாளின் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமனான கர்ணன், ராமுத்தாயின் புருஷன், முதல் நாளே போய்விட்டான். "வயித்துப் பிள்ளக்காரிய மலையில ஏத்த வேணாம்" என்றாள் இருளம்மாள்.

"தாய்மாமன் பொண்டாட்டி இல்லாம என்ன சீரு? நம்ம வீட்டு மரியாதை என்னாகுறது?" என்றார் சீனிச்சாமி.

மலையடிவாரத்துக்கு வரும்போதே ராமுத்தாய்க்கு வலி கண்டுவிட்டது. சாவடியில் அதே காவலர் ஏறினார்.

"ஏம்மா, போன வருஷமும் இதே வயிறுதான? அந்தப் பிள்ள இன்னும் பொறக்கலையா?"

பேருந்தே சிரித்தது.

"வலி வந்துருச்சுய்யா. கம்பத்துக்குத் திரும்பணும், ஆசுபத்திரிக்கு" என்றார் சீனிச்சாமி.

"அரிசியோட திரும்பி ஓடப் பாக்குறீகளா? பொம்பள ஆளு சாப்பிடப் போயிருக்கு. வந்து பாக்கட்டும்."

இருவரையும் இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது. ராமுத்தாய் சாவடி மரத்தடியில் சுருண்டு கிடந்தாள்.

"இது பிள்ளய்யா. நெசமாவே பிள்ள. என் வாக்க நம்புங்க."

"அன்னைக்கும் நீங்கதான தலைய ஆட்டுனீக?"

எவர் முன்னும் குனியாத முதுகு குனிந்தது. "சூடம் கொண்டாங்கய்யா. அணைக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார் சீனிச்சாமி. காவலர் சாலையைப் பார்த்தபடி பீடி பற்றவைத்தார்.

சோதனைக்காரி வந்து சேலைக்குள் கைவிட்டாள். வெளியே எடுத்தபோது கை சிவந்திருந்தது. "அய்யய்யோ, பிள்ளதான்!" என்று கத்தினாள். காவலர் பீடியை எறிந்துவிட்டு ஓடி, எதிரே வந்த லாரியை மறித்தார்.

கம்பத்து ஆசுபத்திரியில் ஆண் பிள்ளை பிறந்தது. அழவில்லை.

அங்கேயே புதைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். வண்டியில் ராமுத்தாய் காலியான வயிற்றின் மேல் கையை வைத்துப் படுத்திருந்தாள். ஊர் எல்லை தெரிந்ததும் சீனிச்சாமி அவள் பக்கம் திரும்பினார்.

"ஊர்ல கேப்பாக, ஆத்தா. என்னன்னு சொல்ல?"

அவள் அவரைப் பார்க்கவில்லை.

"அரிசிதான் கட்டியிருந்தோம்னு சொல்லிருங்க, மாமா. நீங்க சொன்னா நம்புவாக."