தோற்கிற உத்தியோகம்

முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் ஊரே கூடி இழுக்கிற கரமடி வலையை இஞ்ஞாசி தனியாளாக இழுத்த அன்று கடலே ரெண்டடி கரைக்கு வந்துவிட்டது என்று சொல்வார்கள். ஊர்க்காரர்கள் எதையும் கூட்டித்தான் சொல்வார்கள். ஒரு அடிதான் வந்தது.

அப்பேர்ப்பட்ட ஆள் 2005இல் கொத்தனார் கையாளாக சார்ஜாவுக்குப் போனான். சிமெண்ட் மூட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி அவன் பீடி பற்றவைப்பதைப் பார்த்த ஒரு குஸ்திக் கம்பெனிக்காரன் அவனை மேடைக்கு இழுத்துக்கொண்டான். கன்னியாகுமரிக்காரன் என்பதால் ‘கேப் டைகர்’ என்று பேர் வைத்து, புலிக்கோடு போட்ட நிக்கர் ஒன்றும் கொடுத்தான். வேலை தோற்பது. வெள்ளிக்கிழமை ஒருவனிடம், சனிக்கிழமை இன்னொருவனிடம்.

ஊரில் அவன் மனைவி சகாயசெல்வி சந்தையில் மீன் விற்றாள். அவன் அனுப்பிய குஸ்தி சிடியைப் பக்கத்து வீட்டு ரீத்தாவின் டிவியில்தான் போட்டுப் பார்க்க வேண்டும். அதனால் தெருவே பார்த்தது.

“ஏட்டி செல்வி, ஒனக்க மாப்பிள்ள இன்னைக்கும் மல்லாந்து கெடக்காரே. அங்க கட்டில் ஒண்ணும் குடுக்கலியா?” என்றாள் ரீத்தா.

செல்வி போனில் அழுதாள். “ஒருக்கா ஜெயிச்சா கொறஞ்சா போயிருவிய?”

“யாரு ஜெயிக்கணும்னு கம்பெனியாக்கும் சொல்லும், பிள்ள. எல்லாம் பேசி வச்ச அடி. தூக்கிப் போடும்போ மத்தவனுக்கக் கழுத்த உள்ளங்கையில தாங்கிக்கிடணும். அதுதான் தொழிலு.”

“அத இந்த ரீத்தாட்ட வந்து நீங்களே சொல்லுங்க.”

2012இல் அவன் திரும்பி வந்தபோது, தோற்றுத் தோற்றே ஓட்டு வீட்டைக் கான்கிரீட் ஆக்கியிருந்தான். ஆனால் செல்வி கண்முன்னால் ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும் என்பது மட்டும் அவனுக்குள் கிடந்து அரித்தது. அப்போதுதான் எம்.எம்.ஏ. என்கிற கூண்டுச் சண்டை நாகர்கோவிலுக்கு வந்தது. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் புரளலாம். பேசி வைப்பது கிடையாது. இஞ்ஞாசி வள்ளத்தில் வடம் கட்டி மணலில் இழுத்துப் பழகினான். சாயங்காலம் வள்ளக்காரர்கள் தங்கள் வள்ளத்தைத் தேடி அடுத்த ஊருக்குப் போகவேண்டியிருந்தது.

சண்டை ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்துக்கு ஒட்டிய ‘ஸ்டெனி – பெமிலா’ என்ற தெர்மோகோல் எழுத்துகள் கூண்டுக்குப் பின்னால் அப்படியே இருந்தன. மோதப்போவது அவர்கள்தான் என்று நினைத்துச் சிலர் விசிலடித்தார்கள்.

செல்விக்குப் பக்கத்து நாற்காலியில் சத்தியபாய் என்றொரு அம்மாள். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். வாய் ஓயாமல் ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தா, செவப்பு நிக்கர், ஷைஜு. எனக்க மவனாக்கும். ஒங்களுக்கு யாரு?”

எதிரே நிற்கிற ஆள் தன் புருஷன் என்று சொல்லச் செல்விக்கு நாக்கு எழவில்லை. “சும்மா பாக்க வந்தேன்.”

“அந்தத் தடியனப் பாத்தியளா? எனக்க பிள்ளைக்கக் கழுத்த ஒடிச்சிருவான்.”

“செய்யமாட்டாவ.”

“ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“மொகத்தப் பாத்தாத் தெரியாதா?”

மணி அடித்தது. ஷைஜுவின் குத்துகளை இஞ்ஞாசி கொசுக்கடி போல வாங்கிக்கொண்டான். பிறகு அவனை இடுப்போடு சேர்த்துத் தலைக்கு மேல் தூக்கினான். மண்டபம் எழுந்து நின்றது. போட்டால் முடிந்தது. சத்தியபாய் கண்ணை இறுக மூடி, செல்வியின் கையைப் பற்றிக்கொண்டாள்.

இஞ்ஞாசி போட்டான். போடும்போதே அவன் வலது கை, அவனைக் கேட்காமல், ஷைஜுவின் பிடரிக்கடியில் போய் உட்கார்ந்தது. குளிப்பாட்டிய பிள்ளையைப் பாயில் கிடத்துவதுபோல அவனைக் கிடத்தினான். ஷைஜு ஒரு கணம் திகைத்தான். பிறகு, பிடரியைத் தாங்கியிருந்த அந்தக் கையையே கால்களுக்கிடையில் மடக்கி முறுக்கினான். வலி தாங்காமல் இஞ்ஞாசி தரையில் தட்டினான். தட்டினால் தோற்றதாக அர்த்தம்.

“ஏலே, தாலாட்டும் பாடியிருக்கலாமே!” என்று பின்னாலிருந்து ஒருவன் கூவினான். மண்டபமே சிரித்தது.

சத்தியபாய் கண்ணைத் திறந்தாள். “என்ன ஆச்சி? எனக்க பிள்ள?”

“ஒண்ணுமில்ல. ஜெயிச்சாச்சி. தல தரையில தட்டாம அவிய தாங்கிக்கிட்டாவ.”

“யாரு, அந்தத் தடியனா?”

“எனக்க மாப்பிள்ள,” என்று சிரித்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள் செல்வி. சத்தியபாய் திரும்பி அவளைப் பார்த்தாள். பற்றிய கையை விடவில்லை.

மண்டபத்து வாசல்படியில் இஞ்ஞாசி ஐஸ் வைத்துக் கட்டிய தோளோடு உட்கார்ந்திருந்தான். செல்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கைதான் பிள்ள, தானாப் போயிட்டு. ஒனக்கு ஒருக்காக்கூட…”

“மிண்டாம இருங்க.” அவள் அந்த வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“வலிக்குது.”

“வலிக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும்.”

கூட்டம் படியிறங்கிப் போனது. தாலாட்டுக்காரனும் போனான். செல்வி முந்தானையால் அந்த உள்ளங்கையின் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.