கடைசிப் பதினாறு பக்கம்

“அப்புறம்?” என்றார் அவர்.

அவள் புத்தகத்தை மூடி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

“இன்னும் பதினாறு பக்கம் பாக்கி. கடைசி அத்தியாயம்.”

“வாசியேன்.”

“நான் கேட்டதைச் சொல்லுங்க. வாசிக்கறேன்.”

கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தவர் சிரிக்கப் பார்த்தார், இருமல்தான் வந்தது. பார்வை போய் மூன்று மாதம். நுரையீரலும் கைவிட்டுவிட, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள். பிடிவாதத்துக்கு மட்டும் எந்த நோயும் வரவில்லை.

அவள் கேட்டது மூன்றே வார்த்தை. ‘நான் செஞ்சது தப்பு.’

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை அவருக்கு. காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். கணவன் மனைவி இருவருக்குமே துப்பறியும் நாவல் என்றால் உயிர். ஆனால் வீட்டுக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அவர்தான் படிக்க வேண்டும். படித்து முடித்ததும், கொலைகாரனின் பெயர் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடிப் பிடித்து, அடியில் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் ‘இவன்தான்’ என்று எழுதி, “இந்தா, இனி நீ படி” என்று நீட்டுவார்.

கல்யாணமான புதிதில் அவளும் சிரித்தாள். பத்தாவது புத்தகத்தில் அழுதாள். அதற்குப் பிறகு கெஞ்சினாள். “கை சும்மா இருக்க மாட்டேங்குதுடி” என்பார். அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, தையல் மெஷின் பக்கத்தில் வெட்டுத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். ஊர்த் துணியெல்லாம் தைத்து ஓய்ந்து அவள் உட்காரும் அரை மணி நேரத்துக்குள் சிவப்புக் கோடு முந்திக்கொண்டிருக்கும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் ‘யாராக இருக்கும்?’ என்று மண்டையைக் குடைந்துகொண்டதில்லை.

அவருடைய கண் போனபோது ஒரு வாரம் பாவமாக இருந்தது. எட்டாம் நாள் கடைக்குப் போய்ப் புத்தம் புதிய நாவல் ஒன்று வாங்கி வந்தாள். ஒரு மாளிகை, ஒரு பிணம், டாக்டர், டிரைவர், சமையல்காரி என்று சந்தேகப்பட ஆறு பேர். தினம் சில பக்கங்கள், உரக்க வாசித்தாள்.

“சாகக் கிடக்கறவர்கிட்ட வீம்பு பண்றியேம்மா. வாசிச்சுக் காட்டேன்” என்றாள் மகள், கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து.

“ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு உங்கப்பாவை.”

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “நல்லா சேர்ந்தீங்க ரெண்டு பேரும்” என்று கிண்ணத்தோடு அடுப்படிக்குத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் விரலை அசைத்துக் கூப்பிட்டார்.

“டாக்டர்தானே?”

அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள்.

“டிரைவர்?”

“எனக்கும் தெரியாது. நானும் அந்தப் பதினாறு பக்கத்தைப் படிக்கலை.”

பார்வையில்லாத கண்கள் அகலத் திறந்தன. “கையில வெச்சுக்கிட்டேவா? ஏன்டி?”

“முன்னாடியே புரட்டிப் பாத்துட்டு வந்து நிக்கறது உங்க புத்தி. நீங்க சொல்லுங்க, ரெண்டு பேரும் சேந்தே தெரிஞ்சுக்கலாம்.”

அவர் உதட்டை மென்றார். மூச்சு எங்கோ ஆழத்திலிருந்து ஏறி வந்தது. சொல்லப்போகிறார் என்று அவள் காதைக் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

“சமையல்காரி” என்றார்.

ஏறிய மூச்சு இறங்கியது. மறுபடி ஏறவில்லை.

மறுநாள் காலையில் வீடு நிறைந்துவிட்டது. அவருடைய தம்பி வாசலிலிருந்தே அழுதுகொண்டு வந்தார்.

“கடைசியா என்ன சொன்னார் அண்ணி?”

“சமையல்காரின்னார்.”

“பாத்தீங்களா!” தம்பி கூட்டத்தைப் பார்த்துத் தழுதழுத்தார். “கடைசி மூச்சுலயும் அண்ணி கைப்பக்குவம்தான் ஞாபகம் வந்திருக்கு. இந்தக் காலத்துல யாருக்குக் கிடைக்கும் இப்படியொரு மனசு!”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எடுக்கும் நேரத்தில் தம்பியின் கண் ஜன்னலோரம் இருந்த நாவலில் விழுந்தது. “அண்ணன் கடைசியாக் கேட்ட புத்தகமா? அது அவரோடவே போகட்டும்.”

எல்லோரும் ஆமாம் என்றார்கள். “ஒரு நிமிஷம்” என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் தையல் மெஷின் இருந்த அறைக்குள் போனாள். இழுப்பறையில் கத்திரிக்கோல் இருந்தது.

அறை வாசலில் மகள் நின்றாள். “இப்ப எதுக்கும்மா கத்திரிக்கோல்?”

“நூல் பிரிஞ்சு தொங்குது.”

கடைசிப் பதினாறு பக்கத்தையும் தையலோரமாகப் பிசிறில்லாமல் வெட்டி எடுத்து மெஷினுக்கு அடியில் வைத்தாள். அட்டையைத் துடைத்து, புத்தகத்தை அவர் நெஞ்சின்மேல் வைத்துக் கைகளை அதன்மேல் சேர்த்தாள். பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அச்சகத்து முதலாளி, “என்ன பொருத்தம்!” என்றார். அவளுக்கு மட்டும் கண் நனையவில்லை. போங்க, தெரியாமலே போங்க.

மூன்று மணிக்கெல்லாம் வீடு காலியானது. மகள் அசந்து தூங்கிவிட்டாள். அவள் பதினாறு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு வந்து வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தாள். கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள்.

முதல் பக்கம் முடிந்தபோதுதான் உரக்க வாசித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. துப்பறிவாளர் ஆறு பேரையும் கூடத்தில் உட்கார வைத்தார். டாக்டர் இல்லை. டிரைவரும் இல்லை. பதினோராம் பக்கத்தைத் திருப்பினாள். துப்பறிவாளர் கையை நீட்டினார். “கொலை செய்தது வேறு யாருமல்ல, இந்தச்...”

அடுத்த சொல்லைப் பார்த்ததும் அவள் வாய் நின்றது.

சமையல்காரிதான்.

வெகுநேரம் அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையை நிமிர்த்திக் கட்டிலைப் பார்த்தாள். தலையணை நடுவில் பள்ளம் இன்னும் அப்படியே இருந்தது.

உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டு, கட்டிலுக்குக் கேட்டுவிடாமல், அந்தச் சொல்லைக் கண்ணாலேயே கடந்தாள். அடுத்த வரியிலிருந்து மறுபடி உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.