வலப்பக்க ஜன்னல்

மணவூரில் செத்துப்போன பெரியவர் ஒருவருக்கு ஹேமநாதன் கண் திறந்துகொண்டிருந்தான். மலையடிவாரத்தில், பூக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் நடுவில் இருக்கும் அவனுடைய ஸ்டுடியோவில் இது இருபத்திரண்டு வருஷமாக நடக்கிற வேலை. உயிரோடு இருந்தவரை தனியாக ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத மனிதர் போய்ச் சேர்ந்ததும், வீட்டார் ஏதாவது ஒரு கல்யாண குரூப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கடைசி வரிசையில், யாரோ ஒருத்தரின் தோளுக்குப் பின்னால், ஃபிளாஷுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற முகத்தைக் காட்டி, “இவருதாங்க” என்பார்கள். ஹேமநாதன் அந்தத் தலையை வெட்டியெடுத்து, கோட்டு மாட்டி, பின்னால் நீலவானம் வைத்து, இமையைத் துடைத்துவிட்டு விழி வைப்பான். விழிகளைத் தனி ஃபோல்டரில், ஆண் பெண் வயசுவாரியாகச் சேர்த்து வைத்திருந்தான். ஆயுசு முழுக்க வெறும் மேலோடு நாற்று நட்ட மனிதர், காரியத்தன்று கோட்டு சூட்டுடன் மாலைக்குள்ளிருந்து உறவுக்காரர்களை முறைத்துப் பார்ப்பார். இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

ஆனால் இதெல்லாம் வயிற்றுப்பாடு. கலை என்பது வேறு. அதை அவன் நாலு வருஷத்துக்கு முன்பு யூடியூபில் கண்டுபிடித்தான். ஒரு வெளிநாட்டு சினிமா இயக்குநர். அவருடைய படங்களில் எல்லாமே நட்டநடுவில் இருக்கும். சுவருக்கு நடுவில் கதவு, கதவுக்கு நடுவில் ஆள், ஆளுக்கு நடுவில் சட்டை பட்டன். இடது பக்கம் ஒரு ஜன்னல் இருந்தால் வலது பக்கமும் அதே ஜன்னல் இருந்தாக வேண்டும். உலகமே ஐஸ்கிரீம் நிறத்தில் இருக்கும். யாரும் சிரிக்க மாட்டார்கள். பார்த்த மறுநாளே ஹேமநாதனுக்கு ஊர் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. திருத்தணியைச் சுற்றி ஆலமரம் முளைத்துக் கிடந்த சத்திரங்கள், ஓடு சரிந்த ஜமீன் கச்சேரி, ஆடு கட்டுகிற பழைய ரயில்வே குடியிருப்பு எல்லாம் அந்த இயக்குநர் வந்து பார்ப்பதற்காகவே காத்திருப்பதாகத் தோன்றியது. அவர் வருகிற மாதிரி இல்லாததால் இவன் கிளம்பினான்.

அன்றிலிருந்து ‘போட்டோ’ என்ற சொல்லை விட்டுவிட்டான். ‘ஃப்ரேம்’ என்றான். கல்யாணங்களிலும் கைவரிசையைக் காட்டினான். மாப்பிள்ளை பெண்ணை மண்டப வாசலில் விறைப்பாக நிறுத்தி எடுத்த ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த ஆர்.கே.பேட்டை சம்பந்தியம்மா ஒருத்தி, “இன்னாங்க இது, ரெண்டு பேரையும் ரேஷன் கார்டுக்கு எடுத்த மாதிரி கீது?” என்று கேட்டாள். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிற பதினெட்டாயிரம் பேர் அப்படிக் கேட்கவில்லை. இடிந்த சத்திரத்துக்கு ரோஸ் நிறம் ஏற்றி, ‘மௌனத்தின் சமச்சீர்’ என்று அவன் கீழே எழுதினால் இதயம் இதயமாகப் போட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததாகவும் தகவல் இல்லை.

மணவூர்ப் பெரியவருக்கு ஒரு கண் திறந்து மறு கண் பாக்கி இருந்தபோது கவிப்பிரியா உள்ளே வந்தாள். சென்னையில் ‘மரபின் மூச்சு’ என்ற அமைப்பை நடத்துகிறவள். கைத்தறிப் புடவை, காதில் எருதுக்குக் கட்டுகிற சலங்கை அளவுக்குக் கம்மல். அவனுடைய படங்களைக் கண்காட்சியாக வைக்கப் போகிறாள். சென்னையில் வைப்பதற்கு முன்னால், முதலில் இங்கே, ஒரு கல்யாண மண்டபத்தில், ‘மண்ணின் மக்களுக்கு நடுவே’. மண்ணின் மக்களை இதுவரை யாரும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவன் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் ஃபோல்டராகத் திறந்து பார்த்தவள், பெயர் இல்லாமல் தேதி மட்டும் போட்டிருந்த ஒன்றில் நின்றாள்.

“ஹேம் சார்! இதை ஏன் எனக்குக் காட்டல?”

திரையில் ராஜம்மா சத்திரம். மலைக்குப் போகிற பழைய பாதையில், காவடிக்காரர்கள் தங்குவதற்கு எந்தக் காலத்திலோ ஒரு புண்ணியவதி கட்டியது. நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒவ்வொரு அறை, ஒவ்வொரு ஜன்னல். ஒரு வாரம் மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவர், அன்றைக்கு அடித்த மாலை வெயிலில் ரோஜாப்பூ நிறத்தில் மின்னியது. நூல் பிடித்தாற்போல் சமம். நாலு வருஷத்தில் அவன் எடுத்ததிலேயே சுத்தமான ஃப்ரேம்.

“அந்த வலது பக்கம் இப்ப இல்லீங்க மேடம். இடிஞ்சி விழுந்துடுச்சி. ரெண்டு வருஷம் ஆவுது.”

“அதான் சார் வேல்யூவே! இழந்துபோன சிமெட்ரி!” கண்ணைச் சுருக்கித் திரைக்குக் கிட்டே போனாள். “வலது ஜன்னல்ல மட்டும் ஏதோ மஞ்சத்துணி தொங்குது. பேலன்ஸைக் கெடுக்குது. அதை மட்டும் எடுத்துடுங்க. இதுதான் நம்ம பேனர்.”

“ஆங்” என்றான் ஹேமநாதன்.

அது துணி இல்லை. அவனுடைய அக்கா நிர்மலா.

குளக்கரையில் மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்குச் சந்தனம் பூசிவிடுவது நிர்மலாவின் பிழைப்பு. கிண்ணமும் கூடையுமாக ராஜம்மா சத்திரத்து வாசற்படியில்தான் உட்காருவாள். அந்தப் படம் எடுத்த ஐப்பசியில் ஏழு நாள் விடாத மழை அன்று சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் விட்டு, வெயில் அடித்தது. ஹேமநாதன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வாசலில், நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி, மஞ்சள் புடவையில் அக்கா.

“அக்கா, கொஞ்சம் தள்ளிப் போயேன். ஃப்ரேம் கெடுது.”

“நான் குந்திகினு இருந்தா உன் படம் செத்துடுமாடா?”

“பாழடைஞ்ச கட்டடத்துல சந்தனக் கூடை இருந்தா நல்லாவா இருக்கும்? எழுந்திரு, வெயிலு போயிடும்.”

திட்டிக்கொண்டேதான் எழுந்தாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலப்பக்கத்து அறைக்குள் போய், ஜன்னலில் முகத்தைக் காட்டி, “இப்ப சரியா, கலெக்டரு?” என்றாள்.

“இன்னும் கொஞ்சம் உள்ள” என்றபடியே பட்டனை அழுத்தினான்.

அவள் இன்னும் கொஞ்சம் உள்ளே போனாள். எடுத்த படத்தைக் கேமராவின் சின்னத் திரையில் பார்த்து அவன் பூரித்துக்கொண்டிருந்தபோது, ஊறிப்போன சுவர் பெரிய சத்தம்கூட இல்லாமல், களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல, உட்கார்ந்தது. வெயில் அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் அடித்தது. ஆட்கள் மண்ணை வாரி அவளை வெளியே எடுத்தபோதுதான் மறுபடி மழை பிடித்தது. வந்தவர்கள் எல்லோரும் நனைந்திருந்தார்கள். “மழைக்கு ஒதுங்கியிருக்காங்க, பாவம்” என்று யாரோ சொன்னார்கள். ஹேமநாதன் தலையாட்டினான். பிற்பாடு அக்கா புருஷன் கஜபதி ஆர்.கே.பேட்டையிலிருந்து, விசைத்தறிப் பஞ்சு தலையில் ஒட்டியிருக்க, ஓடி வந்து கேட்டபோது அவனே வாய்விட்டுச் சொன்னான். “மழைக்கு ஒதுங்கினா, பாவா.”

படமாக்கி மாட்டுவதற்கு நிர்மலாவுக்குத் தனிப்படம் இல்லை. கல்யாண குரூப் போட்டோவிலிருந்துதான் வெட்டியெடுக்க வேண்டியிருந்தது. அவளுடைய சொந்தக் கல்யாணம். அதில் அவளுக்கு இருபத்திரண்டு வயசு. முதல் வருஷத் திதியன்று கஜபதி அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “என் பக்கத்துல வச்சிப் பாத்தா எனக்குப் பொண்ணு மாதிரி இருக்கா. ஊரு முழுக்க படம் புடிச்சிகினு சுத்துறியே மச்சான், உன் அக்காவ ஒரு வாட்டியாவது புடிச்சதில்லையா?” என்று கேட்டார்.

“இல்ல பாவா” என்றான்.

கவிப்பிரியா கிளம்பிப் போனபின் ஹேமநாதன் கதவைச் சாத்திவிட்டு மஞ்சளை அழிக்க உட்கார்ந்தான். வட்டம் போட்டு அழித்தால், அந்த இடத்தை அக்கம்பக்கத்து நிறத்தைக் கொண்டு கம்ப்யூட்டரே நிரப்பிவிடும். எத்தனையோ ஜன்னல்களிலிருந்து எத்தனையோ கோலா பாட்டில்களை அப்படி அழித்திருக்கிறான். அழித்தான். மஞ்சள் போனது, போன இடத்தில் வெளிறின மஞ்சள் வந்தது. மறுபடி அழித்தான். கம்பிக்குப் பின்னால் மறுபடி அதே நிழல், கொஞ்சம் தள்ளி. சரியாக வட்டம் போடாததுதான் காரணம், வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்தில் பார்ப்பதற்காகப் பெரிதாக்கினான். நானூறு மடங்கு. சதுரம் சதுரமாக உடைந்து அக்காவின் முகம் வந்தது. பட்டனை அழுத்திய நொடியில் அவள் இமைத்திருக்க வேண்டும். கண் மூடியிருந்தது.

அதன்பிறகு கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மூடிய கண்ணைப் பார்த்தால் அது செய்கிற ஒரே வேலை. இமையைத் துடைத்தது. விழி ஃபோல்டரைத் திறந்து ‘பெண் 50’ என்பதைத் தேடியது. எந்த விழியும் பொருந்தவில்லை; யார் யாரோ அக்காவின் முகத்திலிருந்து பார்த்தார்கள். கடைசியில் அந்தக் கல்யாணப் படத்திலிருந்து அவளுடைய கண்களையே எடுத்து வைத்தான். பொருந்தியது. ஐம்பது வயசு முகத்திலிருந்து இருபத்திரண்டு வயசு நிர்மலா, ‘இப்ப சரியா?’ என்று பார்த்தாள்.

பார்த்துக்கொண்டிருப்பவளை எப்படி அழிப்பது? அழிக்கவில்லை. அப்படியே அனுப்பிவிட்டான்.

கண்காட்சியன்று மண்டப வாசலில் இருபதடி அகலத்துக்கு ராஜம்மா சத்திரம் சவுக்குக் கட்டைகளில் கட்டப்பட்டு நின்றது. எதிர்ப்பக்கம் ஒரு கட்சிக்காரருக்குப் பிறந்தநாள் பேனர். அவரும் நட்டநடுவில்தான் இருந்தார். மஞ்சளைப் பார்த்த கவிப்பிரியா முதலில் முகம் சுளித்தாள். ஆனால் குத்துவிளக்கு ஏற்ற வந்த ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி அதைச் சுட்டிக்காட்டி, “இந்தச் சமச்சீர்க்குலைவுதான் கலைஞனின் கையெழுத்து” என்று பேசிவிட்டதால், அவளும் அதையே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹேமநாதன் புதுச் சட்டை வியர்க்க, வாசலுக்குப் போகாமல் உள்ளேயே சுற்றினான். டீ குடிப்பதற்காக வெளியே வந்தபோது பேனருக்கு முன்னால் கஜபதி நின்றுகொண்டிருந்தார்.

யாரும் கூப்பிடவில்லை. சாமான் வாங்க பஸ்ஸிலிருந்து இறங்கியவர். கையில் துணிப்பை. இருபதடி பேனரில் அந்த ஜன்னல் ஓர் ஆள் உயரம் இருந்தது.

“மச்சான்” என்றார், திரும்பாமலே. “இல்லேன்னியே.”

“இருந்துச்சி பாவா.”

“கண்ணு எங்க கல்யாணத்தன்னிக்கி இருந்த கண்ணு.”

“நான்தான் வச்சேன். இதுல மூடிகினு இருந்துச்சி.”

கஜபதி மெல்லத் தலையாட்டினார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தறியில் இழை அறுந்த இடத்தைத் தேடுகிற மாதிரி பேனரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓர் அங்குலம் விடாமல் பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை ஜன்னல் கம்பிகளின் அடியில் நின்றது. அங்கே சுவரில், கம்பிக்கொரு நிழல் சாய்வாக விழுந்திருந்தது.

“வெயிலு அடிச்சிகினு கீதே.”

மலையில் மணி அடித்தது. ஒரு மொட்டைக் கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டியது. எல்லாத் தலையிலும் சந்தனம், யாரோ பூசிவிட்டது.

“மழைக்கி ஒதுங்குனான்னுதானே சொன்னே? வெயில்ல அவ இன்னாத்துக்கு உள்ள போனா?”

வாயைத் திறந்தான். ரெண்டு வருஷமாக நாக்கடியில் கிடந்த ஒரே ஒரு வரி. அதற்குள் ரோட்டுப் பக்கத்திலிருந்து கவிப்பிரியா போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“ஐயா! பை வச்சிருக்கிற ஐயா! நடுவுல மறைக்கிறீங்க. கொஞ்சம் வலது பக்கமாத் தள்ளிக்கோங்க!”

யார் தள்ளச் சொன்னாலும் தள்ளி நின்றே பழகியவர் கஜபதி. “ஆங், ஆங்” என்று கூச்சத்தோடு சொல்லிப் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக நகர்ந்தார். ஜன்னலுக்கு நேர் கீழே வந்தார்.

“இன்னும் கொஞ்சம்!” என்றாள் கவிப்பிரியா.

ஹேமநாதன் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். பை நழுவிக் கீழே விழுந்தது.

“போவாத பாவா. அங்க போவாத. நீ நடுவுலயே நில்லு.”

கஜபதி முதலில் தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். பிறகு ரோட்டில் போனை நீட்டிக்கொண்டு நின்றவளைப் பார்த்தார். அப்புறம் மச்சானின் முகத்தைப் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. பேனரின் கயிறுகள் விறைத்தன. இடப்பக்கம் அசையவில்லை. வலப்பக்கத்துச் சுவர் மட்டும், உள்ளேயிருந்து யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல், ஒருமுறை புடைத்து வெளியே வந்து, மெதுவாக உள்ளே போனது.