நனைந்து வந்த அப்பா எலி

கோபம் வந்தால் அவளுக்கு மரியாதையும் கூடவே வந்துவிடும். மற்ற நாட்களில் கணவனை நீ, வா, போ என்பவள், அன்று காலை ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்து, "அந்த இடுக்கிய கொஞ்சம் எடுத்துத் தர்றீங்களா?" என்றாள். இடுக்கியை எடுத்து நீட்டியபடியே, என்ன தப்பு செய்தோம் என்று அவன் யோசிக்கத் தொடங்கினான்.

இருவருக்கும் பொம்மைகளை நகர்த்துகிற வேலை. ஒரு குழந்தைகள் புத்தகத்தைப் படமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும்போது குடையை விரித்த ஒரு குட்டி எலி, குடையோடு பறந்து காற்றுகளின் நாட்டுக்குப் போய்விடுகிற கதை. உள்ளங்கை உயரப் பொம்மைகள். உள்ளே கம்பி எலும்பு, மேலே பஞ்சும் துணியும். எள்ளளவு நகர்த்தி ஒரு படம் எடுக்க வேண்டும். மறுபடி எள்ளளவு, மறுபடி ஒரு படம். நாள் முழுக்க முதுகு ஒடிய நின்றால் எலி ஒரு வாசலைத் தாண்டியிருக்கும். அப்பா எலி அவனுடையது, அம்மா எலி அவளுடையது. டைரக்டர் அவளுடைய சொந்த அண்ணன். தான் எப்போது டைரக்டர், எப்போது மச்சான் என்பதில் அவருக்கே அடிக்கடி குழப்பம் வரும்.

வினை வந்தது இப்படித்தான். காணாமல் போன குட்டியை எதிர்பார்த்து அம்மா எலி ஜன்னலில் நிற்கிற காட்சியைப் பாதி எடுத்திருந்தபோது அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மீதியை அவனே எடுத்து முடித்துவிட்டான். திரும்பி வந்து பார்த்தால் மகிழ்ந்து போவாள் என்று நினைத்தான்.

"அம்மா எலி இடுப்புல கை வச்சுட்டு நிக்குது," என்றாள்.

"ஆமா. நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்கு. பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி இருக்கு. பிள்ளையக் காணோம்னு நிக்கிறவ இடுப்புல கை வைப்பாளா?"

"உனக்குக் காய்ச்சல். எதுக்கு எழுப்பணும்னு..."

"காய்ச்சல்தானே? காது நல்லாத்தானே இருந்துச்சு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்க."

அங்கேயே மன்னிப்புக் கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவனோ, "நாளைக்குப் பாத்தா உனக்கே பிடிச்சிடும்," என்று எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினான்.

அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சியில் இரண்டு எலிகளும் உண்டு. குட்டியைத் தேடிப் போன அப்பா எலி மழையில் நனைந்து வெறுங்கையோடு திரும்புகிறது. அம்மா எலி ஒன்றும் பேசாமல் அதன் தலையைத் துவட்டிவிடுகிறது. அவ்வளவுதான். இருவரும் மேஜையின் இரு பக்கமும் நின்று, யாரோ எவரோ போல, வாயைத் திறக்காமல் வேலை செய்தார்கள்.

சாயங்காலம் அண்ணன் அதை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"பாப்பா, இது தலை துவட்டுறதா, அடிப்பிடிச்ச பாத்திரம் தேய்க்கிறதா?"

"துண்டு கொஞ்சம் சொரசொரப்புண்ணா."

"மாப்ள, பிள்ளையத் தேடி அலைஞ்சவன் முகமா இது? பல்லு பிடுங்க வந்தவன் மாதிரி நிக்குது."

விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் அவசரமாக ஒரு பல்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"என்ன சண்டைன்னு நான் கேக்க மாட்டேன்," என்றார் அண்ணன். "கேட்டா யார் பக்கம்னு சொல்லணும். ஆனா எலிங்களுக்குள்ள சண்டை இல்ல, அது எனக்குத் தெரியும். நீங்களே நடிச்சுக் காட்டுங்க, கேமராவுல பிடிச்சு வைப்போம். அதப் பாத்து நாளைக்கு மறுபடி எடுங்க."

கஷ்டமான காட்சி என்றால் அங்கே அப்படிச் செய்வதுதான் வழக்கம். ஆனால் இந்தக் காட்சிக்கு அப்பா நனைய வேண்டும். அண்ணனே ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் தலையில் கவிழ்த்தார். கவிழ்த்தது டைரக்டரா மச்சானா என்று சொல்வது கடினம்.

அவன் கதவைத் திறந்துகொண்டு வந்தான். முதல் இரண்டு அடி நடிப்பாகத்தான் இருந்தது. துண்டோடு நிற்கிற அவளைப் பார்த்ததும் தலை தானாகக் கவிழ்ந்தது. சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அப்படியே பெரிதாக ஒரு தும்மல் போட்டான்.

அழுத்தித் தேய்க்கத் தயாராக இருந்த அவள் கை தளர்ந்துவிட்டது.

"குனி," என்றாள். "காதுக்குப் பின்னாடி எல்லாம் அப்படியே இருக்கு, பாரு."

குனி. பாரு. மற்றவர்களுக்கு அது வெறும் பேச்சு. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கேட்டிருக்கணும்," என்றான் துண்டுக்குள்ளிருந்து. "அது உன் எலி. நான் தொட்டிருக்கக் கூடாது."

"ம்."

"நீ எழுந்து வரும்போது வேலை முடிஞ்சிருந்தா நல்லா இருக்கும்னுதான்..."

"தெரியும். வாய மூடு, தண்ணி போகுது."

போதும் என்று அண்ணன் சொல்லவே இல்லை. சுவரைப் பார்த்தபடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எடுத்த காட்சி கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. அதில் அப்பா எலி தும்மியது. புத்தகத்தில் தும்மல் கிடையாது. "எழுதினவங்கள ஒரு வார்த்தை கேட்டுடணும்," என்று அவள் பிடிவாதமாகச் சொல்ல, புத்தகம் எழுதிய அம்மாவுக்கு அவன்தான் போன் செய்தான். "நனைஞ்சா தும்மல் வரும்னு எனக்குத் தோணாமப் போச்சே!" என்று அந்த அம்மா சிரித்தார்.

ஜன்னல் காட்சியை மறுபடி எடுக்க அண்ணன் சம்மதித்தார். இந்த முறை கணவன் அந்தப் பக்கமே போகாமல் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். சிறிது நேரத்தில் அவளே எட்டிப் பார்த்தாள்.

"வா. கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல."

"இடுப்புல..."

"கொன்னுடுவேன்."

அவன் யோசித்தான். "நம்ம பொண்ணோட ஸ்கூல் வண்டி வராம இருந்துச்சே ஒருநாள், அப்ப நீ என்ன பண்ணின?"

அவளும் யோசித்தாள். "ஜன்னல் திரைய பிடிச்சுட்டு நின்னேன். அவ வந்து இறங்குறதுக்குள்ள பாதித் திரை என் கையோட வந்திருச்சு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். அவள் அம்மா எலியின் விரல்களை ஒவ்வொன்றாகத் திரைமேல் மடக்கினாள். திரையின் வளையங்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து கழற்றிவிடுகிற வேலையை அவன் பார்த்துக்கொண்டான். எள்ளளவு எலி நகர, எள்ளளவு திரை நகர, இரண்டு பேரும் மாறி மாறிக் குனிந்து நிமிர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் திரை ஒரு பக்கமாக இறங்கித் தொங்கிவிட்டது. அம்மா எலி அதை விடவே இல்லை.