பாலில்லாத பெஸ்டோ

அந்த ஞாயிறு மதியம் அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்: வீட்டுக்காரன் இலாரியோ, கப்பல் பட்டறையில் இன்ஜின் மெக்கானிக், வயது ஐம்பத்தெட்டு. அவனுடைய அக்கா ஃபுல்வியா, யாரும் கூப்பிடாமல் வந்தவள். எதிர்வீட்டு எஜீதியோ, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பூண்டு இடிக்கும் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கே தானாக வந்து சேர்பவன். கொஞ்சம் தாமதமாக, தூரினிலிருந்து ரயிலில் வந்த இலாரியோவின் மகள் நொயேமி. ஒரு பளிங்கு உரலும் இருந்தது. அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும், எல்லாரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள்.

நொயேமிக்குப் பால் ஆகாது. வயிறு உப்பி, ஒரு நாள் முனகிவிட்டுச் சரியாகிற வகை இல்லை. பாலின் புரதம் கொஞ்சம் உள்ளே போனாலும் தொண்டை வீங்கும், மூச்சு அடைக்கும். இருபத்துநான்கு வயதில் திடீரென்று வந்தது. அதிலிருந்து கைப்பையில் அவசரத்துக்குப் போட்டுக்கொள்ளும் மருந்து ஊசி இல்லாமல் அவள் வெளியே கிளம்புவதில்லை. சீஸ் தூவாமல் தட்டு மேசைக்கு வராத ஜெனோவாவில் பிறந்த பெண்ணுக்கு இப்படி ஒரு கேடு.

இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் விருந்து ஃபுல்வியா வீட்டில். வால்நட் அரைத்த சாஸ் செய்திருந்தாள். "சீஸ் ஒரு துளி போடல, சத்தியம்" என்றாள். உண்மையிலேயே போடவில்லை. ஆனால் அந்தச் சாஸுக்கு ரொட்டியைப் பாலில் ஊறவைத்துத்தான் அரைப்பார்கள். நாற்பது வருஷமாக அரைக்கிறவளுக்கு அது ரொட்டியாகத்தான் தெரிந்தது, பாலாகத் தெரியவில்லை. நொயேமி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இலாரியோ சொன்னது இவ்வளவுதான்: "அத்தை வேணும்னு பண்ணல. பெருசு பண்ணாதம்மா."

அதற்குப் பிறகு அவள் சொந்த ஊரில் எந்த வீட்டிலும் கை நனைக்கவில்லை. அப்பாவைப் பார்க்க வந்தால் ரயில் நிலையத்துக் காபிக்கடையில் அரை மணி நேரம். அடுத்த ரயில். அவ்வளவுதான்.

ஆறு வாரத்துக்கு முன் அதே காபிக்கடையில் அவள்தான் பேச்சை எடுத்தாள். "நீயே செஞ்சா வீட்டுக்கு வர்றேன்ப்பா. நீ மட்டும் செய்யணும். ஒரு தடவ பாக்குறேன்."

ஒரு தடவை என்பதில் அழுத்தம் இருந்தது. இரண்டாவது தடவை கிடையாது என்று இலாரியோ புரிந்துகொண்டான். சரியாகத்தான் புரிந்துகொண்டான்.

அன்று மாலையே சீனக் கடைக்குப் போய் சீஸுக்குப் பதிலாக, சோயாவில் செய்த டோஃபு ஒரு கட்டி வாங்கினான். தண்ணீரில் மிதந்த வெள்ளைக் கட்டி. முகர்ந்தான், வாசனை இல்லை. நக்கினான், ருசி இல்லை. அது அவனை உறுத்தியது. திங்கிற பொருள் ஒன்று எப்படி எதுவுமாகவும் இல்லாமல் இருக்க முடியும்? புதிதாக வந்த இன்ஜினைக் கழற்றிப் பார்க்கிற மாதிரி அதைப் பார்க்க ஆரம்பித்தான். துணியில் சுற்றி, மேலே பழைய பிஸ்டன் ஒன்றை வைத்து அழுத்தினான். எவ்வளவு தண்ணீர் வடிகிறது என்று கிண்ணத்தில் பிடித்து அளந்தான். அரை மணி நேரத்துக்கும் மூன்று மணி நேரத்துக்கும் வித்தியாசம் இருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்க ஆள் இல்லை.

அவன் வீட்டில் பாஸ்தாவுக்கு அரைக்கிற பச்சைச் சாஸான பெஸ்டோவில் பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, கல்லுப்பு, எண்ணெய், பார்மிஜானோ சீஸ் எல்லாம் போட்ட பிறகு ஒரு கரண்டி புளித்த தயிர்க்கட்டியும் சேரும். அந்தப் புளிப்பைத்தான் டோஃபுவிடம் எதிர்பார்த்தான். எலுமிச்சை பிழிந்தால் நாக்கில் குத்தியது. வினிகர் ஊற்றினால் ஊறுகாய் ஆனது. நான்காவது வாரம் ஆலிவ் ஊறிய உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போட்டு வைத்தான். அதில் ஏதோ நடந்தது. கட்டியின் ஓரம் லேசாக மஞ்சளாகி, கடித்தால் கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் கசப்பு.

எஜீதியோதான் சோதனை எலி. ஒவ்வொரு வாரமும் தின்றுவிட்டு ஒரே தீர்ப்பைச் சொன்னான்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசி ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே இறக்கி விட்ட மாதிரி இருக்குடா."

ஏதோ ஒன்று குறைந்தது. அது என்ன என்று இலாரியோவுக்குத் தெரியும். அதைப் போட முடியாது.

அந்த ஞாயிறு காலை உரலையும் குழவியையும் மூன்று தடவை கொதிநீரில் கழுவினான். வீட்டில் இருந்த சீஸ், வெண்ணெய் எல்லாவற்றையும் முந்தின நாளே எஜீதியோ வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. அரைத்து முடித்து ருசி பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபுல்வியா வந்தாள், கையில் பெரிய தோல் பையோடு.

"பொண்ணு வர்றான்னு ஊரே சொல்லுது, எனக்கு மட்டும் சொல்ல மாட்டியா?"

"சாப்பிட்டு முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்க்கா."

"முடிச்சதும்! பாத்திரம் கழுவவா?" உரலுக்குள் எட்டிப் பார்த்தாள். விரலை விட்டு நக்கினாள். "பச்சைப் பெயின்ட் மாதிரி இருக்கு. இதையா அவளுக்குப் போடப்போற?"

"அதையேதான்."

"சோயாக் கட்டி!" பால்கனியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த எஜீதியோவைப் பார்த்துச் சொன்னாள். "அம்மா இருந்திருந்தா இந்த உரலாலேயே இவன் மண்டையில போட்டிருப்பா."

"உரல் உடைஞ்சிரும்" என்றான் எஜீதியோ.

கீழே மணி அடித்தது. தெருக்கதவின் பூட்டு ஒரு வாரமாக வேலை செய்யவில்லை, மேலேயிருந்து பொத்தானை அழுத்தினால் திறக்காது. இலாரியோ நான்கு மாடி இறங்கினான். மகள் சின்னப் பெட்டியோடு நின்றாள். இரவு தங்கப் போகிறாள் என்று பெட்டி சொன்னது. அவன் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

"மூச்சு வாங்குது உனக்கு" என்றாள் இரண்டாவது மாடியில்.

"உனக்கும்தான். பேசாம ஏறு."

மேலே வந்ததும் அவள் கை கழுவப் போனாள். அவன் கொதிக்கிற தண்ணீரில் முதலில் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் போட்டான், கொஞ்ச நேரம் கழித்து ட்ரோஃபியே பாஸ்தாவைக் கொட்டினான். பெஸ்டோவை இளக்க ஒரு கரண்டித் தண்ணீர் எடுத்து வைத்தான். ஊற்றுவதற்கு முன் வழக்கம்போல இன்னொரு தடவை ருசி பார்த்தான்.

அப்படியே நின்றான்.

ஆறு வாரமாக இல்லாதது இருந்தது. நாக்கின் பின்பக்கம் வரைக்கும் போய் உட்கார்ந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான். எப்படி? பத்து நிமிஷத்தில் ஊறிவிட்டதா? அடுப்புப் பக்கத்து வெதுவெதுப்பில் டோஃபு இன்னும் புளித்துவிட்டதா? மெக்கானிக் புத்தி காரணம் தேடியது. இன்னொரு விரல் எடுத்து, இந்தத் தடவை மெதுவாக, முன்பல்லில் வைத்து அரைத்தான்.

நறுக் என்றது.

கல்லுப்பாக இருக்கும் என்று நினைத்தான். ஆனால் கரிக்கவில்லை. இன்னொன்றைத் தேடிக் கடித்தான். அதுவும் நறுக்கென்று உடைந்தது, அதிலும் உப்பு இல்லை. நாள்பட்டுப் பழுத்த பார்மிஜானோவில்தான் இந்தத் துகள் இருக்கும். வேறெதிலும் அவன் கண்டதில்லை. டோஃபுவை ஆறு வாரம் கடித்திருக்கிறான். அது நறுக்கென்று சொல்லாது.

வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினான். ஃபுல்வியா நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். பை மடியில், ஜிப் மூடியிருந்தது.

"அக்கா, இதுல என்ன போட்ட?"

"நான் ஒண்ணும் தொடல. கிளறினேன், அவ்வளவுதான்."

"எஜீதியோ?"

"என்ன ஏன்டா கேக்குற? நான் கடலப் பாத்துட்டு இருந்தேன்." எஜீதியோ சிகரெட்டை அணைத்தான். அது பாதிதான் எரிந்திருந்தது. "கண்ணாடிக் கதவுல நிழல் தெரிஞ்சுது. ஏதோ துருவுற மாதிரி. எனக்கென்ன தெரியும்?"

நொயேமி கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தாள். அத்தையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள். உரலைப் பார்த்தாள். எந்த வீட்டிலும் எந்தக் கடையிலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, இதுல பால், சீஸ் எதாவது இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட்டு உரலைக் கைதவறித் தட்டிவிடலாம். யாருக்கும் ஒன்றும் ஆகாது. மதியம் பிழைக்கும், அக்காவும் பிழைப்பாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய இலாரியோ அதைத்தான் செய்திருப்பான். இன்றைக்கும் கை அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது.

"இருக்கு" என்றான். "நான் கீழ வந்தப்போ அத்தை துருவிப் போட்டிருக்கா. தொடாத."

"ஒரே ஒரு ஸ்பூன்!" ஃபுல்வியா எழுந்தாள். "முப்பது மாசம் பழுத்த கட்டி. அதுல பாலே கிடையாது, எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு. கடைக்காரனே சொல்றான், பால் ஆகாதவங்களும் சாப்பிடலாம்னு."

"அது வேற வியாதி அத்தை, வயிறு உப்புறவங்களுக்கு. எனக்குப் பாலோட புரதமே ஆகாது" என்றாள் நொயேமி. குரல் உயரவில்லை.

"அதத்தான் பாக்கலாம்னு நெனச்சேன்! சொல்லாம குடுத்தா ஒண்ணும் ஆகாது, எல்லாம் மனசுலதான் இருக்குன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு இது. அன்னிக்கும் நீ பயத்துலதான் விழுந்தியோ என்னமோ."

"ஆகியிருந்தா?" என்று கேட்டாள் நொயேமி. "எதாவது ஆனா என்ன பண்றதா இருந்தீங்க?"

ஃபுல்வியா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அதுவரைக்கும் அவள் யோசித்திருக்கவில்லை. அது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

இலாரியோ பெஸ்டோவை வழித்துக் குப்பையில் போட்டான். எஜீதியோ வலிக்கிற மாதிரி ஒரு சத்தம் எழுப்பினான். இலாரியோ உரல், குழவி, கரண்டி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அவன் கையில் கொடுத்தான். "உன் வீட்டுல வெச்சுக்கோ. போயிட்டு, கைய நல்லா கழுவிட்டுத் திரும்பி வா." எஜீதியோ போனான். இலாரியோ சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். பிறகு அக்காவின் கோட்டை எடுத்துப் பிடித்தான்.

"ஞாயித்துக்கெழம, சாப்பாட்டு நேரத்துல, கூடப்பொறந்தவள வெளிய அனுப்புறியா?"

"ஆமா."

"எப்போ வரட்டும்?"

"தெரியாது. நானே கூப்பிடுறேன்."

"சோயாக் கட்டிக்காக!"

அவன் பையை அவள் தோளில் மாட்டிவிட்டு நடையில் முன்னால் நடந்தான். பின்னால் சமையலறையில் குளிர்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது.

"அப்பா, இந்த ஜாடியில ஊறுறது டோஃபுவா? ஏன் மஞ்சளா இருக்கு?"

"ஆலிவ் தண்ணி. நாலு நாள் ஆச்சு."

ஜாடியின் மூடி மேசையில் உருண்டது. கடித்துப் பார்த்திருப்பாள். "புளிக்குது! எப்படிப் புளிக்குது இது?"

"எனக்கும் தெரியல. பூண்டு இருக்கு, எண்ணெய் இருக்கு. நசுக்கி வெய்யி."

"பாஸ்தா எடுத்துடவா?"

"இன்னும் ரெண்டு நிமிஷம். எடுத்துடாத."

ஃபுல்வியா வாசற்படியைத் தாண்டி நின்று திரும்பினாள். ஏதோ சொல்ல வந்தாள். அவன் கதவைச் சாத்தினான். சாவியை ஒரு சுற்றுச் சுற்றினான், பிறகு இன்னொரு சுற்று.