இருபத்தாறு பூஜ்யம்

எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கை அதைவிட அவசரம். அந்த அவசரம்தான் அக்கா குடியிருக்கும் தெருவையே கவிழ்க்கப் பார்த்தது.

குழாயில் சுத்தமான தண்ணீர் வந்தால் மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது என் வேலை. பூஜ்யம் என்றால், ஏன் என்றும் கேட்க வேண்டும். தாளில் அதற்கு மூன்று கட்டம்: தேவையில்லை, வசதியில்லை, கொடுக்க இஷ்டமில்லை. அக்கா தெருவில் நாற்பது வீட்டில் இருபத்தாறு பூஜ்யம். வெயில் மண்டையைப் பிளந்தது. இந்த வெயிலில் ஏன் என்று எவன் கேட்பான் என்று அத்தனைக்கும் முதல் கட்டத்திலேயே டிக் அடித்துவிட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் அதிகாரி தாள்களைப் புரட்டினார்.

"இந்தத் தெருவுக்கு நல்ல தண்ணி தேவையில்லையாமே! சுத்திகரிப்பு மெஷினை அடுத்த தெருவுக்குக் கொடுத்துடலாம். அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போடறேன்."

அக்கா மகள் அந்தத் தெருவில் இப்போது வரும் கலங்கல் தண்ணீரால் மாதம் இரண்டு முறை படுக்கையில் விழுகிறாள். தேவையில்லையாம்! என்னையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

தாள்களை வாரிக்கொண்டு ஓடினேன். முதலில் அக்கா வீடு. அடுப்பில் குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"நேத்தே பூஜ்யம்னு சொன்னேனே, மறுபடி என்னடி?"

"ஏன்னு நேத்து கேக்கலக்கா. இப்ப சொல்லு."

"வரி வாங்குறாங்கல்ல? அப்புறம் எதுக்குத் தனியா காசு? புள்ள படற பாட்டைப் பாத்துக்கிட்டே தண்ணி வேணாம்னு சொல்ல எனக்கென்ன கிறுக்கா?"

அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்த வீட்டுக்காரர் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார். திறக்கும்வரை தட்டினேன். இருபத்தாறு வீட்டில் ஒரே ஒருவர்தான் தேவையில்லை என்றார்; மற்றவர்கள் வசதியில்லை என்றார்கள், இல்லையென்றால் அக்காவைப் போல் கொடுக்க இஷ்டமில்லை என்றார்கள். அந்த ஒருவரும் அடுத்த வாரம் வீட்டைக் காலி செய்கிறாராம்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது தாள்களை மேசையில் வைத்தேன். அதிகாரி படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்ப நேத்து கேக்காமலேயே எழுதினீங்களா?"

"ஆமா சார்."

"யாரு தப்புன்னு மேலே எழுதி அனுப்பணும். உங்க வேலை போயிடும்."

"போகட்டும் சார். தப்பு என்னோடது. தெரு என்ன பண்ணுச்சு?"

அதிகாரி உத்தரவில் அடுத்த தெருவை அடித்துவிட்டு அக்கா தெருவை எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்னொரு தாளை எடுத்து என் முழுப் பெயரைக் கேட்டார்.

பிழையில்லாமல் எழுதட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.